எந்த மெஷின் வாங்கலாம், அண்ணே?

சென்ற மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வேலூரில் இருக்கும் என் சாவிக் கடைக்கு வந்திருந்தார். வீட்டுப் பூட்டு, பீரோ, இருசக்கர வாகனம் ஆகியவற்றுக்கு ஏழெட்டு ஆண்டுகளாகச் சாவி போட்டுக்கொண்டிருப்பவர், இனி காருக்கும் சிப் சாவி போடுவது என்று முடிவெடுத்து, வீட்டிலிருந்த நகையை அடகு வைத்துப் பணத்தையும் புரட்டிவிட்டார். கைபேசியில், காரில் சாவியைப் பதியும் ஒரு கருவியின் படத்தைக் காட்டி, "இதுல எல்லா வண்டியும் வரும்னு போட்டிருக்காங்க. எந்த மெஷின் வாங்கலாம், அண்ணே? இதையே எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல், "போன மாசம் கார் சாவி கேட்டு உங்க கடைக்கு எத்தனை பேர் வந்தாங்க தம்பி, என்னென்ன வண்டி?" என்று திருப்பிக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "ஒரு பத்துப் பேர் இருக்கும்ணே. ஸ்விஃப்ட் வந்துச்சு, ஏதோ ஒரு டாடா வந்துச்சு" என்றார். அந்த "ஏதோ ஒரு டாடா"வை நம்பி நகைப் பணத்தைப் போடக் கூடாது என்று சொல்லி, அன்று அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். அவரிடம் வாய்மொழியாகச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

என் மேசையில் 200 பக்க நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். கடைக்கு வரும் ஒவ்வொரு காருக்கும் அதில் ஒரு வரி உண்டு: தேதி, வண்டியின் பெயர், தயாரித்த ஆண்டு, உரிமையாளர் கையில் எத்தனை சாவி இருக்கிறது, உள்ளே என்ன சிப், எந்தக் கருவியால் வேலை முடிந்தது, எவ்வளவு நேரம் பிடித்தது. முடியாமல் திருப்பி அனுப்பிய வண்டியைச் சிவப்பு மையில் எழுதுவேன். என் தகப்பனார் லாங் பஜார் ஓரத்தில் ஒரு குடையின் கீழ் அரமும் வைஸும் மட்டும் வைத்துக்கொண்டு தொழில் செய்த காலத்திலேயே, மெழுகில் அச்செடுத்த சாவிகளின் கணக்கைப் பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். அந்தப் பழக்கம்தான் எனக்கும் வந்தது. நான் இதுவரை வாங்கிய கருவிகளில் உருப்படியாகச் சம்பாதித்துக் கொடுத்தவை எல்லாம் அந்தச் சிவப்பு வரிகளை எண்ணிப் பார்த்து வாங்கியவை. விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவற்றில் இரண்டு இப்போதும் பரண்மேல் இருக்கின்றன.

கருவியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வண்டிப் பட்டியல் சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சேர்த்துப் போட்டது. அதில் பல நூறு வண்டிகள் பாலாற்றுப் பாலத்தை ஒருநாளும் கடக்கப் போவதில்லை. என் நோட்டு சொல்லும் வேலூர் வேறு. முதலில் மாருதியும் ஹூண்டாயும். ஹூண்டாய் ஆலை இதே பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருப்பதாலோ என்னவோ, சான்ட்ரோ காலம் தொட்டே இந்தப் பக்கம் அந்த வண்டிகள் அதிகம். அடுத்து டாடா, மஹிந்திரா. திருப்பதிக்கும் ஸ்ரீபுரத்துக்கும் ஓடும் வாடகை இன்னோவாக்கள் தனி வகுப்பு. 2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் ராணிப்பேட்டைக்காரர்களும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களும் சாவிக்கு இங்கேதான் வருகிறார்கள். தோல் வியாபாரம் செய்யும் பாய்மார்களின் ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் வண்டிகள் அப்படி வருபவை. டி.என். 23, டி.என். 73 எண்களுக்கு நடுவே ஏ.பி. 03 என்ற சித்தூர் எண்ணும் வாரத்துக்கு ஒன்றாவது தென்படும். சி.எம்.சி.க்கு நோயாளியை அழைத்துக்கொண்டு வெளிமாநிலத்திலிருந்து காரிலேயே வந்தவர்கள் ஆஸ்பத்திரி அலைச்சலில் சாவியைத் தொலைத்துவிட்டு நிற்பதும் உண்டு. அவர்களுக்கு இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்ல முடியாது.

இவற்றோடு, இங்கே கார் விற்பதையே நிறுவனம் நிறுத்திவிட்ட வண்டிகள் இருக்கின்றன. செவ்ரோலே 2017 இறுதியோடு இங்கே விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பீட், ஃபிகோ, எக்கோஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசாரித்து விசாரித்துக் கடைசியில் நம்மிடம் வருகிறார்கள். புது வண்டிக்கு வேலை செய்வதைப் பெருமையாகக் காட்டும் கருவிகளைவிட, இந்த ஆதரவற்ற வண்டிகளுக்குச் சலிக்காமல் வேலை செய்யும் கருவி நம் ஊர்க் கடைக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும் என்பது என் கணிப்பு.

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன், அது என்ன வேலை செய்கிறது என்பதைத் தொழிலுக்குப் புதியவர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருகியதும் அந்தச் சுருள் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அலையை எழுப்பும். சாவித் தலைக்குள் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் சிப் அந்த அலையிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். வண்டி ஒரு கேள்வி கேட்கும், சிப் அதற்குத் தன்னிடமுள்ள ரகசியக் கணக்கால் விடை தரும், விடை சரியாக இருந்தால்தான் எஞ்சினுக்கு உத்தரவு போகும். இந்தச் சிப்புக்கு பேட்டரி கிடையாது. கதவைத் திறக்கும் ரிமோட் வேறு, அது 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசும், அதற்குத்தான் பொத்தான் பேட்டரி. "ரிமோட் பேட்டரி போச்சு, அதனாலதான் வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று வருகிறவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே கூட்டுக்குள் குடியிருக்கும் இரண்டு குடித்தனம் என்று விளக்குவேன். சிப் இல்லாமல் வெட்டிய சாவி பூட்டில் அழகாகத் திரும்பும், விளக்கெல்லாம் எரியும், வண்டி மட்டும் கிளம்பாது. 1981ல் லிங்கத்தை மறுபடி எழுந்தருளச் செய்யும் வரை நம் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலைச் சாமி இல்லாத கோயில் என்று சொல்வார்களே, அந்த மாதிரி.

சிப்பில் பல சாதி. ஐடி 46, 47, 48, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் 4டி, டொயோட்டாவின் பிந்தைய வண்டிகளில் எச் சிப் என்று நம்மிடம் வருபவை அடிக்கடி மாறுகின்றன. மாறுவதற்குக் காரணம் உண்டு. டெக்சாஸின் 40 பிட் கணக்கை 2005லேயே ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். 46 சிப்பின் கணக்கு 2012ல் உடைந்தது. 48 சிப்பைப் பற்றிய ஆய்வை வெளியிடக் கூடாது என்று 2013ல் இங்கிலாந்து நீதிமன்றம் தடை போட, அது 2015ல்தான் வெளியே வந்தது. ஒன்று உடைந்தால் கார்க் கம்பெனிகள் அடுத்ததற்குப் போகும், கருவி செய்கிறவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். ஆகவே வண்டியின் பெயர் மட்டும் போதாது, ஆண்டும் வேண்டும். என் நோட்டில் பழைய ஸ்விஃப்ட் எல்லாம் 46 என்றும், பிந்தையவை 47 என்றும் இருக்கின்றன. ஒரே பெயர், ஒரே தோற்றம், ஒன்றை முடித்த கருவி மற்றொன்றில் விழிக்கும்.

இந்தச் சாதி விவகாரத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபோக்ஸ்வேகனுக்கு என்று 48 சிப் பத்து வாங்கி வைத்திருந்தேன். ஆம்பூரிலிருந்து ஒரு ஸ்கோடா ரேபிட் வந்தது. உள்ளே பார்த்தால் வென்டோவின் உடன்பிறப்பு, அதே மீட்டர் போர்டு வகை. நம்பிக்கையோடு அந்தச் சிப்பைப் போட்டு மூன்று முறை முயன்றேன், வண்டி ஏற்கவே இல்லை. பிறகுதான் விளங்கியது: அந்தக் குழுமத்தின் சிப்புகளில் தயாரிப்பாளருக்கென்று முன்கூட்டியே ஒரு குறி எழுதப்பட்டிருக்கும். சீட் என்ற கார்க் கம்பெனிக்கு டிபி 22, ஃபோக்ஸ்வேகனுக்கு டிபி 23, ஸ்கோடாவுக்கு டிபி 24, ஆடிக்கு டிபி 25. சகோதரர்கள்தான், ஆனால் சாப்பாட்டுத் தட்டு தனித்தனி. இப்போது வேண்டிய வகையாக மாற்றி எழுதிக்கொள்ளும் பல்வகைச் சிப்புகள் வந்துவிட்டன. எக்ஸ்ஹார்ஸ் கம்பெனியின் சூப்பர் சிப் அப்படிப்பட்டது. கருவி வாங்கும்போது அதற்குப் பொருந்தும் இந்த மாதிரிச் சிப் நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு சிப்புக்காக வண்டியை மூன்று நாள் கடை வாசலில் நிறுத்தி வைத்தால் வாடிக்கையாளர் சும்மா இருக்க மாட்டார்.

கருவியின் உண்மையான தரம் தெரிவது எல்லாச் சாவியும் தொலைந்த வண்டியில்தான். ஓடுகிற ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது கேட்டு வருபவருக்குச் சின்னக் கருவியே போதும். பல சமயம் இருக்கும் சிப்பை அப்படியே நகல் எடுத்தால் வேலை முடிந்தது, வண்டியைத் தொடவே வேண்டாம். ஒரு சாவியும் இல்லாமல் நிற்கும் வண்டிக்குக் கதவு திறக்க வேண்டும், பற்களை அளந்து சாவி வெட்ட வேண்டும், வண்டியின் கணினியோடு பேச உதவும் ஓபிடி சாக்கெட் வழியாகவோ கணினிப் பெட்டியைக் கழற்றியோ உள்ளிருக்கும் தகவலை எடுக்க வேண்டும், வண்டிக்கென்று உள்ள ரகசிய எண்ணான பின் கோடு வேண்டும். நான் ஒருமுறை, வண்டி வாங்கியபோது கொடுத்த அட்டை எங்கே என்று நினைத்துக்கொண்டே ஒரு பெரியவரிடம் "ஐயா, பின் கோடு இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "632001" என்றார். ஹூண்டாயின் பழைய வண்டிகள் பலவற்றுக்கு வேண்டிய பின் கோடும் தபால் பின் கோடு போலவே ஆறு இலக்கம்தான் என்பதால் ஒரு கணம் நானும் கருவியில் எழுதப் போய்விட்டேன்.

விற்பனையாளர்கள் இந்த இரண்டு வேலையையும் ஒரே "சப்போர்ட்" என்ற சொல்லில் அடக்கிவிடுவார்கள். ஆகவே வாங்குகிறவர் தன் நோட்டின் வரிகளை எடுத்துவைத்துக்கொண்டு, இந்த வண்டி, இந்த ஆண்டு, எல்லாச் சாவியும் தொலைந்த நிலை, முடியுமா, சர்வர் வேண்டுமா, கூடுதல் கேபிள் வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஜீப் காம்பஸ் போன்ற வண்டிகளில் வெளிக் கருவியைத் தடுக்கும் பாதுகாப்பு கேட்வே இருப்பதால் 12+8 என்னும் கேபிளை உள்ளே போய்ச் சொருக வேண்டியிருக்கும். என் நோட்டில் இதுவரை வந்த காம்பஸ் இரண்டுதான். அந்த கேபிள் எனக்கு இன்றும் அவசியப்படவில்லை, இரண்டையும் சென்னையிலிருக்கும் நண்பரிடம் அனுப்பிவிட்டேன்.

இனி கருவிகள். முதற்படியில் கேடி-எக்ஸ்2 போன்ற சிறு கருவியை நான் குறைவாக மதிப்பதில்லை. அது காருக்குள் போய்ப் பேசாது. ஆனால் ரிமோட் உருவாக்கும், அலைவரிசை பார்க்கும், பழைய சிப்புகளை நகல் எடுக்கும். என் கடையில் கல்லாப்பெட்டியை நிரப்புவது அன்றாடம் அந்த வேலைதான். எக்ஸ்ஹார்ஸின் கீ டூல் மேக்ஸ் அதே வேலைகளைப் பெரிய திரையில் செய்வதோடு, அதே நிறுவனத்தின் டால்ஃபின் வெட்டும் எந்திரத்தோடு புளூடூத்தில் இணைந்து கொள்ளும். காரோடு பேச வேண்டுமானால் அதற்கென்று உள்ள சின்ன ஓபிடி கருவியைத் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டெல் ஐஎம்508 காரோடு நேரடியாகப் பேசும் கருவி. மாருதி, ஹூண்டாய், ஃபோர்டு என்று என் நோட்டின் பெரும்பகுதியை அது தாங்குகிறது. கூட வரும் எக்ஸ்பி200 என்ற சிப் வாசித்து எழுதும் பெட்டி சிறியது, பின்னாளில் எக்ஸ்பி400 ப்ரோவை வாங்கி இணைத்துக்கொள்ளலாம் என்பதால் பணத்தை இரண்டு தவணையாகப் போட முடிகிறது. ஐஎம்608 அதற்கு மூத்தது, பென்ஸும் பிஎம்டபிள்யூவும் மாதத்துக்கு நான்கு வண்டியாவது வரும் கடைக்கு அது வேண்டும். வேலூரில் எனக்கு அப்படி வரவில்லை. டொயோட்டாவுக்கு, குறிப்பாக எச் சிப் வண்டியில் எல்லாச் சாவியும் தொலைந்தால், லான்ஸ்டார் கே518 வரிசையைத்தான் நான் எடுப்பேன். அசல் சாவிபோல் நடிக்கும் அதற்குரிய எமுலேட்டர் சாவியை முன்வைத்து வேலை தொடங்கும் முறை எனக்குக் கைவந்துவிட்டது. வாடகை இன்னோவா கிரிஸ்டாக்கள் நோட்டில் ஒன்பது சிவப்பு வரியாகச் சேர்ந்த பிறகுதான் அதை வாங்கினேன். ஒன்பதில் ஐந்து பேர் அடுத்த ஆண்டுக்குள் வேறொரு வேலையாக மறுபடி வந்தார்கள்.

எந்த ஒரு கருவியும் எல்லாவற்றையும் செய்யாது. இரண்டு நடுத்தரக் கருவிகள் ஒன்றின் குறையை ஒன்று ஈடுகட்டும். ஒரே பெரிய கருவி மாட்டிக்கொண்டால் அன்றைய வேலை நின்றது.

விலையைப் பற்றிப் பேசும்போது பலர் வாங்கும் நாளின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். ஆட்டெல் போன்றவற்றில் தொடக்கக் காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு; கட்டாவிட்டால் கருவி நிற்காது, ஆனால் புது வண்டிகள் வராது. சிலவற்றில் குறிப்பிட்ட வேலைக்கு டோக்கன் என்றும் புள்ளி என்றும் தனியாகப் பணம் பிடிப்பார்கள். சில கணக்குகள் கருவிக்குள் நடப்பதில்லை, கம்பெனியின் சர்வரில்தான் நடக்கும். இதன் பொருள் எனக்கு ஏலகிரி மலையில்தான் விளங்கியது. மேலே ஒரு விடுதியில் சாவியைத் தொலைத்த குடும்பத்துக்காகப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், கதவைத் திறந்து, சாவி வெட்டி, தகவலையும் எடுத்துவிட்டேன். சர்வருக்கு அனுப்பிக் கணக்குப் போட வேண்டிய இடத்தில் என் சிம்மில் ஒரு கோடுகூட இல்லை. விடுதிக்காரரின் கைபேசியில் வேறு கம்பெனி சிம் இருந்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து பையில் இரண்டு கம்பெனி சிம் வைத்திருக்கிறேன். ஜவ்வாது மலைப் பக்கம் அழைப்பு வந்தால், சர்வர் தேவைப்படும் வண்டியா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

பரணில் கிடக்கும் இரண்டில் ஒன்று நகல் கருவி. பெயர்பெற்ற கருவி ஒன்றின் போலியை, மூலத்தின் விலையில் கால் பங்குக்கு, வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். ஏழு மாதம் ஒழுங்காக ஓடியது, நானும் மூலத்தை வாங்கியவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இணையத்தில் இணைந்ததும் தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. விற்றவர் முதலில் சரிசெய்து தருவதாகச் சொன்னார், பிறகு தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார். பூட்டைத் திறப்பதே தொழிலாக வைத்திருக்கிற என்னிடம் திறக்க முடியாத பூட்டாக அது இப்போதும் இருக்கிறது. நாடு மாறி வாங்கிய உண்மையான கருவியிலும் இந்தச் சிக்கல் வரலாம், வேறு பகுதிக்கென்று பதிந்த கருவி இங்கே பதிய மறுக்கும். வாங்கும் முன் இந்தியாவுக்குப் பதிவானதா, பில் வருகிறதா, பழுதானால் எங்கே அனுப்புவது என்று கேட்டுவிடுங்கள். பில் இருந்தால் ஜி.எஸ்.டி. கணக்கில் வரவு வைக்கலாம் என்பது உபரி.

ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த இழப்பு கருவியால் வந்ததே அல்ல. சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபம். இரவு பத்து மணி. மாப்பிள்ளை வீட்டாரின் செடான், இரண்டு சாவியும் ஒரே பையில் இருந்து பையே காணாமல் போயிருந்தது. கதவைத் திறந்த நேரத்திலிருந்து உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது, யாரோ ஒரு சிறுவன் உட்கார்ந்து பாட்டைப் போட முடியுமா என்று சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டிருந்தான், நானும் அதைக் கவனிக்கவில்லை. மல்டிமீட்டரில் 11.8 வோல்ட் காட்டியது. "சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க தம்பி, ரிசப்ஷன் முடியப் போவுது" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா தோள்மேல் நின்றார். பத்து நிமிட வேலைதானே என்று வண்டியின் நினைவில் புதுச் சாவியை எழுத ஆரம்பித்தேன். கருவியின் திரையில் 63 சதவீதத்தில் கோடு நின்றது. பின் தொடர்பு அறுந்தது. மீட்டர் போர்டில் இருந்த அத்தனை எச்சரிக்கை விளக்குகளும் ஒன்றாக எரிந்தன, வைப்பர் தானாக ஒரு முறை அடித்துவிட்டு நடுவில் நின்றது. விளக்கு, வைப்பர் போன்றவற்றை இயக்கும் கணினிப் பெட்டியான பாடி கண்ட்ரோல் மாட்யூல் அங்கேயே செத்துவிட்டது.

மறுநாள் வண்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தேடி ஒரு பழைய மாட்யூல் வாங்கி, என் கைப்பணத்தில் மாற்றிக் கொடுத்தேன். எழுதுவதற்கு முன் உள்ளிருந்த தகவலை வாசித்துச் சேமித்து வைத்திருந்ததால் மட்டுமே அந்தப் பழைய மாட்யூலை இந்த வண்டியுடையதாக ஆக்க முடிந்தது. இப்போது என் ஒழுங்கு மாறிவிட்டது: வேலை முடியும்வரை வோல்ட் இறங்காமல் தாங்கும் பேட்டரி சப்போர்ட் மாட்டாமல் எந்தக் காரிலும் எழுதுவதில்லை, தகவலை இரண்டு முறை வாசித்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் அடுத்த அடி எடுப்பதில்லை. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். பன்னிரண்டுக்குக் கீழே இறங்கியதில் கை வைப்பது வம்பு. கருவிக்கு லட்சம் போடத் தயாராக இருப்பவர்கள் இதற்குச் சில ஆயிரம் போடத் தயங்குவதை இன்றும் பார்க்கிறேன். அக்னி நட்சத்திர வெயிலில் வேலூரில் பேட்டரி சாகும் வேகம் வேறு எல்லாருக்கும் தெரிந்ததே.

வெட்டும் எந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாக. புதிய கார்களின் சாவி பக்கவாட்டில் பள்ளம் வெட்டிய லேசர் சாவி. பழைய இரட்டைச் சக்கர நகல் எந்திரம் அதற்கு உதவாது. டால்ஃபின் எக்ஸ்பி-005 உள்ளேயே பேட்டரி வைத்திருப்பதால் மின்சாரம் இல்லாத சாலையோரத்திலும் வெட்ட முடிகிறது, நெடுஞ்சாலை அழைப்புகளுக்கு அது போதும். பூட்டைத் திறந்து பற்களை அளக்கும் லீஷி கருவிகளை மொத்தமாகப் பெட்டியோடு வாங்க வேண்டாம்; ஃபோக்ஸ்வேகனுக்கு எச்யு66, சுசுகிக்கு எச்யு87 என்று நோட்டில் உள்ளதற்கு மட்டும் வாங்கி, பழைய பூட்டுகளில் மாதக்கணக்கில் பழகுங்கள். ரிமோட் வாங்கும்போது அலைவரிசையைப் பாருங்கள். விலை மலிவு என்று 315 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் இருபது வரவழைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவை நம் ஊரில் விளையாட்டுச் சாமான். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஸ்மார்ட் கீயும் அப்படியே, ஒரு வண்டிக்குப் பதிந்து பூட்டப்பட்டது மற்றொன்றுக்குப் பதியாது, அதைப் புதுப்பிக்கும் வசதி கருவியில் இருந்தாலொழிய.

கருவி வாங்கும்போது யாரும் கேட்காத, நான் கட்டாயம் பார்க்கும் வசதி ஒன்று உண்டு. வண்டியின் நினைவில் எத்தனை சாவிகள் பதிந்திருக்கின்றன என்று அது காட்டுகிறதா, வேண்டாதவற்றை அழிக்கிறதா? காட்பாடியில் ஒருவர் பழைய கார் வாங்கி, ஒரே சாவியோடு என்னிடம் இரண்டாவது போட வந்தார். கருவி "பதிந்த சாவிகள் 3" என்று காட்டியது. அவர் கையில் ஒன்று. மற்ற இரண்டும் யாரோ ஒருவரிடம் இருக்கின்றன. பழையவற்றை அழித்து, இருக்கும் ஒன்றையும் புதியதையும் மட்டும் மறுபடி பதிந்து கொடுத்தபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தேன். வண்டி திருட்டுப் போனால் காப்பீட்டு நிறுவனம் சாவிகளைக் கேட்கும் என்பதால், எத்தனை இருந்தது, எதை எப்போது அழித்தோம் என்பதை நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆர்.சி., அடையாள அட்டை, வண்டியின் சேசிஸ் எண் மூன்றும் பொருந்தாமல் எல்லாச் சாவியும் தொலைந்த வண்டியைத் தொடுவதில்லை. "மச்சானுடைய வண்டி, அவர் துபாய்ல இருக்கார்" என்று வந்த ஒருவரிடம், மச்சானை வீடியோவில் பேச வைத்து ஆர்.சி.யைக் காட்டச் சொன்னேன். வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. அந்த வரியைச் சிவப்பில் எழுதவில்லை.

நேற்று இரவு குடியாத்தத்துத் தம்பி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். புது நோட்டின் இரண்டு பக்கம், அடிக்கோலால் கட்டம் போட்டு, 27 நாளில் வந்த 14 கார்கள். ஏழு மாருதி, மூன்று ஹூண்டாய், ஒரு ஃபிகோ, இரண்டு டாடா, ஒரு பழைய சுமோ. டாடாக்களின் பெயரும் ஆண்டும் இந்த முறை எழுதப்பட்டிருந்தன. சுமோவுக்கு நேரே "சிப் இல்லை, வெட்டு மட்டும்" என்று இருந்தது. பதினான்கில் பதினொருவரிடம் ஒரு சாவியாவது இருந்திருக்கிறது. அவர் முதலில் காட்டிய பெரிய கருவிக்கு இந்த நோட்டில் வேலையே இல்லை என்று பதில் எழுதி, ரிமோட்டுக்கும் நகலுக்கும் ஒரு சிறு கருவி, நல்ல வெட்டும் எந்திரம், மீதிப் பணத்தில் நகையில் பாதியை மீட்பது என்று யோசனை சொன்னேன். எல்லாச் சாவியும் தொலைந்த வண்டி வந்தால் என்னிடம் அழைத்து வாருங்கள், கூலியில் பங்கு தருகிறேன், கூட நின்று பழகிக்கொள்ளலாம் என்றும் எழுதினேன். சற்று நேரம் கழித்து அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "பேட்டரி சப்போர்ட் எத்தனை ஆம்பியர் எடுக்கட்டும்ணே?"

முப்பது என்று பதில் போட்டேன்.